தட்டு ஏற்றுகிறவனின் கண்மட்டம்

போட்டி நாளில் என் வேலை குனிவது.
இரும்புத் தட்டை உருட்டி வந்து
தண்டில் செருகி, கவ்வியை இறுக்கி,
ஓரமாய்க் குந்திக்கொள்வது.
குட்டாய்சியில் எல்லோருக்கும் முகம் இருக்கிறதாம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் கணுக்காலுக்குக் கீழே.

மல்ஹாஸுக்கு மரக்குதி வைத்த காலணி.
குந்தி எழுவதற்கு அது நல்லது,
முட்டி முன்னே போக இடம் கொடுக்கும்.
தரையிலிருந்து இழுக்கையில் மட்டும்
அந்த ஒரு விரற்கடையையும் சேர்த்துத்
தூக்கியாக வேண்டும் அவன்.
பல் மருத்துவர் ஓட்டக் காலணியில் வந்திருந்தார்.
அடியெல்லாம் பஞ்சு.
படகில் நின்று பீப்பாய் சுமப்பது மாதிரி, என்றேன்.
என்ன விலை தெரியுமா, என்றார்.

லமாரா வெறுங்கால்.
டயர்க் கடைக்காரி. இடது பெருவிரல் நகம்
ஜாக்கி விழுந்து கறுத்தது, இன்னும் வளரவில்லை.
அவள் நின்றால் ஐந்து விரலும்
ஆளுக்கொரு பக்கம் விரிந்து
ரப்பர் விரிப்பைப் பிடித்துக்கொள்ளும்.
இத்தனை மாதம் அப்படித்தான் பழகினாள்.

நடுவர் ஜும்பெர் புத்தகத்தைத் திறந்தார்.
காலில் ஏதாவது இருக்க வேண்டும்.
ஏதாவது என்றால்?
அடித்தோல் உள்ள ஏதாவது.
வாசலில் அவள் கழற்றி வைத்தது
ஆட்டுமயிர் வைத்த பனிக்காலணி, நாலு விரல் உயரக் குதி.
அவள் முறைக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம்.

மாடியில் நடனப் பள்ளி.
காலையிலிருந்து முரசு,
என் தட்டுகள் மேல் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தபடி.
ஏறிப் போனேன்.
மடக்கிய கால்விரல்களின் மேல் நின்று சுழல்கிற பையன்,
பெயர் குராம்.
அவன் காலணியில் மரமில்லை, அட்டையில்லை,
ஒற்றைத் தோல், அவ்வளவுதான்.
கேட்டதும் கழற்றினான்.
நனைஞ்சிருக்கு, என்றான் வெட்கத்தோடு.
என் கையில் அது சூடாக இருந்தது,
அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி போல.

முதல் தடவை வழுக்கிற்று.
இடது கால் ஒரு சாண் ஓடியது,
தண்டு விழுந்த அதிர்ச்சி
என் பல்லுக்கு வந்து சேர்ந்தது.
கூடம் முழுக்க ஒரு ‘ச்சு’.

பின்னாலேயே இறங்கி வந்திருந்தான் பையன்,
வெறுங்காலும் பச்சைச் சர்பத்துப் பாட்டிலுமாக.
மேடையில் ஊற்றினான்.
மிதிங்க, என்றான். நல்லா மிதிங்க.
நாங்க இப்படித்தான்.
ஜும்பெர் புத்தகத்தைப் புரட்டினார்.
சர்பத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

நூற்று ஐம்பது.
தோலுக்குள்ளே ஒவ்வொரு விரலும் தெரிந்தது,
போர்வைக்குள் பிள்ளைகள் புரள்வது மாதிரி.
பாரத்தைத் தூக்குவது கை என்று சொல்வார்கள்.
நான் பார்த்தவரை
அது முதலில் பாதத்துக்குள் இறங்குகிறது,
அங்கே சம்மதம் கிடைத்தால்தான் மேலே போகிறது.
குதியோரம் தோல் வெளுத்தது.
தண்டு அவள் முட்டியைத் தாண்டியது.
அதற்கு மேல் என் எல்லை இல்லை.
வெள்ளை விளக்கு இரண்டா மூன்றா, நான் நிமிரவில்லை.
குதிகள் இரண்டும் நிம்மதியாய் உட்கார்ந்ததைப் பார்த்தேன்,
அது போதும்.

மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை.
ஐந்து கிலோ கூடப் போட்டிருந்தால்
ஜெயித்திருப்பாள், மல்ஹாஸ் கத்தினான்.
பையனுக்கு ஒத்திகை இருக்கு, என்றாள்,
காலணியை உருவிக்கொண்டே.
அவன் போட்டுப் பார்த்தான்.
அகலமாயிடுச்சு.
பிசுபிசுங்குது.
சொல்லிவிட்டு ஓடினான்.
கொஞ்ச நேரத்தில் மறுபடி முரசு.
கூரை மேல் அத்தனை கால்களுக்கு நடுவே
ஒரு ஜோடி மட்டும்
அரைத் தாளம் ஒட்டி ஒட்டிக்
கிளம்பிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மேடையைத் துடைத்தேன்.
இரண்டு தடங்கள், பச்சையாக, முன்பக்கம் விரிந்து.
வெந்நீர் ஊற்றினேன். திரும்பவும் ஊற்றினேன்.
பிறகு காலணியைக் கழற்றிவிட்டு
அவற்றின் மேல் ஏறி நின்றேன்,
துடைப்பத்தைப் பிடித்தபடி.
என் கால் சின்னது.